என் ஜீப்பைத் திருடிய சாமிகள்

என் ஜீப்பைத் திருடியவர்களின் காலில் நான் விழுந்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை, தினமும் காலையில் விழுந்தேன். விழுந்து எழுந்து கைகட்டி நின்று, "ஜீப்பு கெடைக்கணும் சாமி" என்று அவர்களிடமே வேண்டியும் கொண்டேன். இப்போது நினைத்தாலும் ஒரு பக்கம் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது, மறுபக்கம் சிரிப்பை அடக்க முடியவில்லை.

என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். போடியில் எங்கள் தெருவில் என் வாய்க்கென்று ஒரு மரியாதை உண்டு. தண்ணீர் லாரிக்காரர் எங்கள் சந்துக்குள் வந்தால் ஹாரன் அடிக்கமாட்டார். காய்கறி வண்டிக்காரர் எனக்கு மட்டும் தராசு முள்ளை இரண்டு தடவை காட்டுவார். "மத்தவங்களுக்கு மூக்குக்கு மேல கோவம் வரும், இவளுக்கு அது அங்கேயே வீடு கட்டிக் குடியிருக்கு" என்பார் என் வீட்டுக்காரர்.

அவர் ஜீப்பு ஓட்டுகிறவர். விடியுமுன் எங்கள் தெருப் பெண்களையும் பக்கத்து ஊர் சிலமலைப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு, அடிவாரத்து முந்தல் வழியாக மலையேறி, போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவோம். ஆள் சேர்ப்பதும் தோட்டத்தில் கூலி பேசுவதும் என் சோலி. வண்டி ஓட்டுவதும் வாய் ஓயாமல் பேசுவதும் அவர் சோலி. கீழே ஸ்டார்ட் செய்யும்போது ஒரு கதையைத் தொடங்கினார் என்றால், கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு கிளைக்கதையாகப் பிரிந்து மேலே எஸ்டேட் கேட்டில்தான் முடியும். பின்னால் இருக்கும் பெண்கள் பாதிக் கதையில் இறங்க மனசில்லாமல் இறங்குவார்கள்.

ஐப்பசிக் கடைசியில், ஏலக்காய்ப் பறிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, ஒரு காலையில் அவர் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஜீப்பு நிற்கிற இடத்தில் ஆயில் கறை மட்டும்தான் இருந்தது. சாவி என்று ஒன்று வைத்திருந்தோமே தவிர அந்த வண்டி ஆணியைத் திருகினாலும் ஸ்டார்ட் ஆகும். அது ஊருக்கே தெரியும்.

அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். அந்த ஆயில் கறைக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு காலை முதல் இரவு வரை இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். கேட்டால் தலையாட்டுவார். பேச்சு மட்டும் இல்லை. ஜீப்பு போனது பெரிய அடிதான். பெண்கள் வேறு வண்டிகளில் இடுக்கிக்கொண்டு போனார்கள், எங்கள் அடுப்பு தடுமாறியது. ஆனாலும் என்னை அதிகம் வாட்டியது அவருடைய அந்த அமைதிதான். கல்யாணமான நாளிலிருந்து வாயை மூடுங்கள் என்று கெஞ்சியவள், இப்போது ஒரு வார்த்தை பேசமாட்டாரா என்று கிடந்து தவித்தேன்.

கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டேன். ஐம்பதைத் தாண்டிவிட்டதால் பெண்ணானாலும் மலைக்குப் போகலாம். என்னைப் போன்றவர்களை மாளிகைப்புறம் என்பார்கள். ஜீப்பு கிடைத்து அந்த மனுசர் பேசவேண்டும், அவ்வளவுதான் வேண்டுதல். மாலை போட்டுவிட்ட குருசாமி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடை வைத்திருப்பவர். மற்ற மாதங்களில் "ரெண்டு வடை பார்சல்" என்று கத்துகிற குரல், கார்த்திகை வந்தால் கோவில் மணி மாதிரி ஆகிவிடும்.

"மாளிகப்புறம், மத்த சாமிகளுக்கு நூறு கட்டுப்பாடு. ஒனக்கு ஒண்ணே ஒண்ணு. கோவப்படக் கூடாது. கோவப்பட்டா மாலை போட்ட பலன் போயிரும்" என்றார்.

"சரி சாமி" என்றேன். அப்போதே கொஞ்சம் கோபம் வந்தது.

கொட்டக்குடி ஆற்றங்கரையில் தகரம் வேய்ந்த பஜனை மடம்தான் எங்கள் கூடாரம். பகலில் நான் அங்கே அன்னதானச் சமையலில் நிற்பேன். மாலை போட்டவர்களின் உலகம் ஒரு தனி உலகம். கறுப்பு வேட்டி, தாடி, நெற்றி நிறையச் சந்தனம். யாருக்கும் பேர் கிடையாது. வயசு, சாதி, உத்தியோகம் எதுவும் கிடையாது. எல்லாரும் சாமி. மாலை போட்டவர் காலில் யார் வேண்டுமானாலும் விழலாம், அப்பன் மகன் காலில் விழுவான். எந்த ஊர் என்று கேட்பதுகூட மரியாதைக் குறைவு.

ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் ஏது? இதை யோசித்தவன் மூளைக்காரன்தான். ஆனால் முழுசாக யோசிக்கவில்லை.

கார்த்திகை பிறந்து சில நாள் கழித்து இரண்டு பேர் வந்து குருசாமியிடம் மாலை போட்டுக்கொண்டார்கள். ஒருவர் அரிசி மூட்டை கணக்காகத் தடியாக இருந்தார். மற்றவர் ஒல்லி. இரண்டு பேருக்கும் தாடி அப்போதுதான் அரும்பியிருந்தது. வெளியூர், மடத்திலேயே தங்கிக்கொள்கிறோம் என்றார்கள். குருசாமி மறுவார்த்தை கேட்கவில்லை. புதுச் சாமிகள் வந்ததில் எங்களுக்கு ஒரே சந்தோஷம்.

அவர்களுக்கு அந்தச் சந்தோஷம் மறுநாள் விடியுமுன்பே போயிருக்கும். குருசாமி எல்லாரையும் எழுப்பி ஆற்றில் முங்கவைப்பார். கார்த்திகை மாதத்துக் கொட்டக்குடித் தண்ணீர் எலும்பைத் தொட்டுப் பார்க்கும். தடிச்சாமி முதல் முங்கில் போட்ட "சரணம்" அக்கரையில் மேய்ந்த மாட்டை விரட்டியதாகச் சொன்னார்கள். பிறகு பூஜை, பிறகு வேலை. ஒல்லிச்சாமி தேங்காய் துருவினார். தடிச்சாமி தண்ணீர்க் குடம் சுமந்தார். மத்தியானம் ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. வெறும் தரையில் படுக்கை. பீடி கூடாது. தடிச்சாமி பூஜை நேரத்தில் ஊதுபத்திக்கு மிக அருகில் போய், கண்ணை மூடிக்கொண்டு புகையை நெஞ்சு நிறைய இழுப்பார். என்ன பக்தி என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். ஜெயிலில்கூட இவ்வளவு கஷ்டம் இருக்காது. அதற்குப் பயந்துதான் இங்கே வந்திருந்தார்கள்.

முதல் தடவை அவர்கள் காலில் விழுந்த அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

"சாமி, எங்க ஜீப்பக் களவாண்டுட்டுப் போயிட்டாய்ங்க சாமி. அதுதேன் எங்களுக்குச் சோறு. கெடைக்கும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி."

தடிச்சாமியின் முகம் போன போக்கை இப்போது நினைத்தால் திருடனுக்குத் தேள் கொட்டியது போல என்பது எவ்வளவு சரியான பேச்சு என்று புரிகிறது. அன்றைக்கு அது எனக்கு அருள் வந்த முகமாகத் தெரிந்தது.

"கெடைக்கும் தாயே" என்றார்.

"எப்ப சாமி?"

தடிச்சாமி ஒல்லிச்சாமியைப் பார்த்தார். ஒல்லிச்சாமி தகரக் கூரையைப் பார்த்தார்.

"முழுசாக் கெடைக்குமா சாமி?"

"கெடைக்கும் தாயே. ஸ்டெப்னி மட்டுந்தேன்…" என்று ஒல்லிச்சாமி ஆரம்பித்தார். தடிச்சாமி அவர் காலை ஓங்கி மிதித்தார். ஒல்லிச்சாமி "சாமியே" என்று அலறினார். நாங்கள் எல்லாரும் "சரணம் ஐயப்பா" என்றோம்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஸ்டெப்னி வரைக்கும் சொல்கிறாரே! இப்படி நுணுக்கமான அருள்வாக்கை நான் கேட்டதே இல்லை. வீட்டுக்கு ஓடிப்போய் என் வீட்டுக்காரரிடம் மூச்சுவாங்கச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். சிலமலைப் பெண்களிடமும் சொன்னேன். அடுத்த நாள் முதல் ஒல்லிச்சாமி முன்னால் கூட்டம். மகள் கல்யாணம், மாட்டுக்குக் காய்ச்சல், காணாமல் போன செல்போன் என்று வரிசையில் வந்தார்கள். பாவம், ஒளிந்துகொள்ள வந்தவர் ஊருக்கே தெரிந்தவராகிவிட்டார்.

இதைவிடப் பெரிய கூத்து எங்கள் வழக்கை விசாரித்த சப்-இன்ஸ்பெக்டர். அவரும் மாலை போட்டிருந்தார். காக்கிச் சட்டையும் தாடியும் செருப்பில்லாத காலுமாகத் தினமும் சாயங்காலம் பஜனைக்கு வருவார். அவர் எப்போதும் உட்கார்வது தடிச்சாமிக்குப் பக்கத்தில். ஜீப்பு போன ராத்திரி பெட்ரோல் பங்க் கேமராவில் விழுந்த இரண்டு மழித்த முகங்களின் படம் அவர் செல்போனில் இருந்தது, என் செல்போனிலும் இருந்தது. தினமும் பார்த்துக் கரித்துக் கொட்டுவேன், மனசுக்குள்தான்.

"இந்த மூஞ்சிகள எங்கியாச்சும் பாத்தீகளா சாமி?" என்று ஒருநாள் போலீஸ் சாமி படத்தைத் தடிச்சாமியிடமே நீட்டினார்.

மாலை போட்டுக்கொண்டு பொய் சொல்லக் கூடாது. தடிச்சாமி செல்போனை வாங்கி, தூர வைத்துப் பார்த்து, கிட்ட வைத்துப் பார்த்து, "பாத்த மூஞ்சி மாதிரித்தேன் சாமி இருக்கு" என்றார்.

"அதேதேன் சாமி எனக்கும் தோணுது. எங்கேன்னுதேன் பிடிபட மாட்டேங்குது" என்று போலீஸ் சாமி பொங்கல் தொன்னையில் பாதியை அவருக்கே கொடுத்தார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தோம் நாங்கள் அத்தனை பேரும்.

மலைக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும். அன்னதானம் முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மடத்துப் பாத்திரங்கள் ஊர் கூடிக் கொடுத்தவை, ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பேர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். புளியும் சாம்பலும் போட்டு ஒரு பெரிய எவர்சில்வர் தூக்குவாளியைத் தேய்த்தேன். கரி போன இடத்தில் எழுத்து வந்தது. முதலில் என் அப்பா பேர், அதற்குக் கீழே என் பேர்.

என் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் சீராகக் கொடுத்த தூக்குவாளி. தோட்டத்துக்குக் கஞ்சி கொண்டுபோகிற வாளி. ஜீப்பு காணாமல் போன அன்றைக்கு அதன் பின்சீட்டுக்கு அடியில் கிடந்தது.

"இந்த வாளி யாரு குடுத்தது?" என்று பக்கத்தில் கழுவிக்கொண்டிருந்தவரைக் கேட்டேன்.

"அந்தத் தடிச்சாமியும் ஒல்லிச்சாமியும் கொண்டாந்தாக. மடத்துக்குன்னு காணிக்கையாக் குடுத்துட்டாக. நல்ல மனசு" என்றார்.

ஊரான் வண்டியைக் களவாடுவார்களாம், அதிலிருந்த பாத்திரத்தை ஐயப்பனுக்குக் காணிக்கை கொடுப்பார்களாம்! எங்கள் பக்கம் பாத்திரத்தில் பேர் வெட்டாமல் யாரும் வைத்திருக்கமாட்டார்கள் என்பது அந்த இரண்டு அறிவாளிகளுக்கும் தோன்றவில்லை. எனக்குத் தலையிலிருந்து கால் வரை நெருப்பு ஓடியது. வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். தடிச்சாமியின் மண்டை எனக்கு நேராக, துண்டு விரித்துப் படுத்திருந்தது. ஒரே போடு போதும். கழுத்து மாலை வாளிப் பிடியில் மாட்டி இழுத்தது. "சாமியே சரணம், சாமியே சரணம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு டீக்கடைக்கு ஓடினேன்.

குருசாமி வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்டெப்னி அருள்வாக்கை அவரும் கேட்டிருந்தார். இரண்டையும் சேர்த்து யோசித்ததும் கல்லாவுக்குப் பின்னால் தொப்பென்று உட்கார்ந்தார்.

"போலீஸ் சாமிகிட்டச் சொல்றேன்" என்றேன்.

"சொன்னா என்னாகும்? அவரு மூஞ்சி மாறுறதப் பாத்த ஒடனே இவய்ங்க ஓடிருவாய்ங்க. ஜீப்பு எங்கேன்னு ஒனக்குத் தெரியுமா? பிரிச்சுப் பழைய இரும்புக்கு எடை போட்டுட்டாய்ங்கன்னா என்ன செய்வ? மலைக்கு இருமுடிக் கட்டு கட்டுற அன்னைக்கு அவய்ங்களே சொல்லுவாய்ங்க. அதுவரைக்கும் வாயக் கட்டு."

"சொல்லாட்டி?"

"சொல்லுவாய்ங்க. நம்ம வழக்கம் சொல்ல வைக்கும்" என்றார். வழக்கம் எப்படிச் சொல்ல வைக்கும் என்று விளக்கவில்லை.

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு ஐயப்பனுக்கே வெளிச்சம். இரண்டு பேருக்கும் நானே பரிமாறினேன். "இன்னும் கொஞ்சம் சாம்பார் சாமி" என்று சிரித்துக்கொண்டே ஊற்றினேன். காலில் விழாவிட்டால் சந்தேகப்படுவார்கள் என்று விழுந்தும் தொலைத்தேன். வீட்டுக்குப் போனால் அந்த மனுசர் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். உங்கள் ஜீப்பைத் திருடியவர்களுக்கு இப்போதுதான் ரசம் ஊற்றிவிட்டு வருகிறேன் என்று சொல்ல நாக்கு நுனி வரை வரும். சொன்னால் ஜாக்கி லிவரோடு மடத்துக்குப் போவார். விழுங்கிக்கொண்டேன். அந்த வாரம் விழுங்கியதெல்லாம் சேர்ந்து வயிறே வீங்கிவிட்டது.

கட்டு கட்டும் நாள் வந்தது. மடத்து வாசலில் குமுளிக்குப் போகிற பஸ்சு வாழைமரம் கட்டிக்கொண்டு நின்றது. என் வீட்டுக்காரரைக் கையோடு கூட்டி வந்து ஓரமாக உட்காரவைத்திருந்தேன். உள்ளே ஒவ்வொரு சாமியாக உட்காரவைத்து குருசாமி இருமுடி கட்டினார். தேங்காயில் நெய்யை நிரப்பி முன்முடிக்குள் வைப்பார். பிறகு அந்தச் சாமியின் குடும்பத்தார் மூன்று கை அரிசி அள்ளிப் போட வேண்டும். போனால் போகிறது என்று மூட்டையைக் கட்டிவிட முடியாது. வீட்டு ஆள் மனசாரப் போடும் அரிசி இல்லாமல் எங்கள் குருசாமி முடிச்சுப் போடமாட்டார். இருமுடி தலையில் இல்லாமல் பதினெட்டாம் படியில் கால் வைக்க முடியாது.

இரண்டு சாமிகளும் அன்றைக்கு முகம் மலர்ந்திருந்தார்கள். இந்த பஸ்சில் ஏறிவிட்டால் வழியில் எந்தச் செக்போஸ்டிலும் கேள்வி கிடையாது, மலையில் லட்சம் கறுப்பு வேட்டிக்குள் கலந்துவிடலாம். ஒல்லிச்சாமி மணையில் உட்கார்ந்தார். பக்கத்து மணையில் தடிச்சாமி.

"வீட்டாளுங்க யாரு?" என்றார் குருசாமி.

"வெளியூரு சாமி. யாரும் வரல."

"அப்பச் சரி. ஒங்களுக்குத் தெனமும் சோறு போட்டவங்க போடட்டும். மாளிகப்புறம், வா. அரிசிய அள்ளு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. டீக்கடைக்காரருக்கு இவ்வளவு மூளையா என்று வியந்துகொண்டே போய், இரண்டு கையும் கொள்ள அரிசியை அள்ளினேன். ஒல்லிச்சாமி முன்முடியை விரித்துப் பிடித்தார். நான் போடவில்லை.

"போடுங்க தாயே" என்றார்.

"போடுறேன் சாமி" என்றேன். வாழ்நாளில் அவ்வளவு இனிமையாக நான் பேசியதில்லை. "எங்க சாமி என் ஜீப்பு?"

மேளம் நின்றது. பஜனை நின்றது. போலீஸ் சாமி கையில் தாளத்தோடு அப்படியே நிமிர்ந்தார். நான் கண்ணைக் காட்டியதும் பக்கத்துப் பெண் அந்தத் தூக்குவாளியைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில், பேர் தெரியும்படி வைத்தார்.

"வாளி எனக்குத் தெரியாது" என்றார் தடிச்சாமி. யாரும் வாளியைப் பற்றி இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒல்லிச்சாமி என் கையிலிருந்த அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் கலங்கியது. ஊர் சனம் தினமும் காலில் விழுந்து விழுந்து அவருக்குள் என்னவோ ஆகியிருந்தது என்றுதான் நினைக்கிறேன். "பொட்டிபுரத்துக்கு இங்கிட்டு தாயே, ஒரு தொழுவம் இருக்கு. அதுக்குப் பின்னாடி வைக்கப்படப்புக்குள்ள நிக்கிது. மலையேத்திக் கேரளாவுக்குக் கொண்டுபோயிரலாம்னு பாத்தோம். முந்தல்ல நிக்கிற அத்தன ஜீப்பு டிரைவருக்கும் ஒங்க வண்டியத் தெரியுது. ஸ்டெப்னிய மட்டும் வித்துட்டோம்" என்றார்.

கூட்டம் "சாமியே!" என்று ஒரே மூச்சில் சொன்னது. அது சரணமா அதிர்ச்சியா என்று எனக்குத் தெரியாது. நான் போலீஸ் சாமியின் கையைப் பிடித்து இழுத்தேன். "வாங்க சாமி, வெரசாப் போயி எடுத்துட்டு வருவோம்!"

அவர் அசையவில்லை. தாடியைச் சொறிந்தார்.

"ஆத்தா, நான் போயி எடுத்தேன்னா அது கேஸ் சொத்து. கோர்ட்டுல மனுப் போட்டு, ஆர்டர் வாங்கி வெளிய எடுக்குறதுக்குள்ள ஏலக்கா சீசனே முடிஞ்சிரும். ஸ்டேசனுக்குப் பின்னாடி நிக்கிற வண்டிகளப் பாத்திருக்கீகள்ல?"

பார்த்திருக்கிறேன். ஓர் ஆட்டோவுக்குள் வேப்பங்கன்று முளைத்து, கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே வந்திருந்தது.

"நீங்களே எடுத்துத் தந்துட்டு, சும்மா கெடச்சுச்சுன்னு எழுதிருங்க சாமி."

"மாலை போட்டுட்டுப் பொய் எழுத மாட்டேன். வண்டி தானா ஒங்க கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சுன்னா, வந்து நின்னுச்சுன்னு எழுதுவேன். அது பொய்யில்ல. ரெண்டு பேரையும் விடவும் மாட்டேன். மலைக்குப் போயிட்டு வந்து குருசாமி மாலையக் கழட்டட்டும். கழட்டுன கையோட நான் கூட்டிட்டுப் போறேன்."

ஆக, வண்டி தானாக வரவேண்டும் என்றால் திருடினவர்கள் தானாகப் போய்க் கொண்டுவர வேண்டும். கூட நாங்கள் யாராவது போனால் அது தானாக வந்தது ஆகாது. இரண்டு திருடர்களிடமும் "போயிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்ப வேண்டும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் எழுந்து நின்றிருந்தார், அவ்வளவுதான்.

"போயிட்டு வாங்க சாமி. வந்தாத்தேன் அரிசி" என்றேன்.

மடத்துக்குக் காய்கறி வாங்கிவர வைத்திருக்கும் பழைய மொபெட்டில் இரண்டு பேரும் ஏறிப் போனார்கள். வெயில் ஏறியது. நான் அரிசியைக் கீழே போடவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டு வாசலில் நின்றேன். பஸ்சு டிரைவர் ஹாரன் அடித்தார். "இன்னொரு வாட்டி அடிச்சா…" என்று ஆரம்பித்து, "சாமியே சரணம்" என்று முடித்தேன். திருடனை நம்பி அனுப்பிய கூமுட்டை ஊரிலேயே நான் ஒருத்திதான் என்று எனக்கு நானே ஏசிக்கொண்டேன்.

அதற்குள் ஒரு செய்தி வந்தது. தடிச்சாமி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மொபெட்டிலிருந்து குதித்து ஓடிவிட்டாராம். எங்களுக்கெல்லாம் உயிரே போய்விட்டது. ஆனால் அவர் ஓடியது தேனி பஸ்சு நிற்கிற இடம் வரைக்கும்தான். பஸ்சுக்குக் காத்திருந்தபோது ஆசை தாங்காமல் ஒரு பீடியைப் பற்றவைத்திருக்கிறார். பூ விற்கிற பெண்கள் பார்த்துவிட்டார்கள். "மாலை போட்டுட்டுப் பீடியா குடிக்கிற, பாவி!" என்று சுற்றி வளைத்து, கூடையாலேயே நாலு போட்டு, போலீசில் ஒப்படைத்துவிட்டார்கள். அவர் திருடன் என்பது அந்தப் பெண்களுக்கு அப்புறம்தான் தெரியும். தெரிந்தபோது, பீடிதான் பெரிய குற்றம் என்றார்கள்.

ஒல்லிச்சாமியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. மொபெட்டோடு அவரும் போயிருப்பார் என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். குருசாமி மட்டும் ஒல்லிச்சாமியின் நெய்த்தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாலத்துப் பக்கமிருந்து ஒரு ஜீப்புச் சத்தம் கேட்டது. நான் ரோட்டுக்கே ஓடிவிட்டேன்.

"நம்ம வண்டி இல்ல அது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "நம்மது கியர் மாத்தையில கரகரங்கும். இது எண்ணெயில ஓடுற மாதிரி வருது. வேற வண்டி."

திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர்தான். மாசக் கணக்கில் வாய் திறக்காதவர் திறந்து இதைத்தானா சொல்லவேண்டும்! நான் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வளைவில் திரும்பி வந்தது எங்கள் ஜீப்பு. கூரையெல்லாம் வைக்கோல். முன்கண்ணாடியில் ஒரு கோழி இறகு ஒட்டியிருந்தது. ஒல்லிச்சாமி வெறுங்காலோடு ஓட்டி வந்து, சரியாக மடத்து வாசலில் நிறுத்தி, இறங்கி, தன்னிடம் சாவி இல்லாததால் ஸ்டார்ட் செய்த ஆணியை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். நான் வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன். மடமே சரணம் போட்டது. போலீஸ் சாமி, "வண்டி தானா வந்து நின்னுச்சு, நான் கண்ணால பாத்தேன்" என்று எல்லாரையும் சாட்சிக்கு அழைத்தார்.

என் வீட்டுக்காரர் அந்த ஆளை அடிக்கப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவர் நேரே போய் பானெட்டைத் திறந்தார். குனிந்து பார்த்தார். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து வந்தார்.

"கிளட்ச்சுல கை வச்சது யாரு?"

"நாந்தேன் அண்ணே" என்றார் ஒல்லிச்சாமி. "முன்னாடி வொர்க் ஷாப்புல இருந்தேன். தூக்கிட்டுப் போற அன்னைக்கே வழுக்குச்சு. மனசு கேக்கல. மடத்துல மத்தியானம் ஓய்வு கெடைக்கையில எல்லாம் போயிப் போயிப் பாத்தேன்."

"நான் இந்தக் கிளட்ச்ச மூணு மெக்கானிக்குகிட்டக் காட்டிட்டேன்யா. அதுல ஒருத்தன் சொல்றான் பாரு…" என்று ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர். முதல் மெக்கானிக்கின் கதை, அவன் மச்சானின் கதை, கம்பத்தில் நடந்த ஒரு கல்யாணத்தின் கதை. இரண்டு பேரும் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். பஸ்சு டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தார், யாருக்கும் காது கேட்கவில்லை. என் வீடு எனக்குத் திரும்பக் கிடைத்தது என்று நான் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

குருசாமிதான் அவர்களைப் பிரித்தார். ஒல்லிச்சாமி மறுபடி மணையில் உட்கார்ந்தார். திரும்பி வந்ததும் போலீசோடு போகவேண்டும் என்பது அவருக்குத் தெரியும், எங்கும் ஓடாமல் போகவும் செய்தார். அது வேறு. அப்போது அவர் முன்முடியை இரண்டு கையாலும் விரித்து, என் முகத்தைப் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

நான் முந்தானை முடிச்சை அவிழ்த்து முதல் கை போட்டேன். இரண்டாவது கை, மூன்றாவது கை. வழக்கம் அவ்வளவுதான். என் கை நிற்கவில்லை. பக்கத்திலிருந்த அரிசி மரக்காலிலிருந்து அள்ளி அள்ளிப் போட்டேன்.

"போதும் தாயே" என்றார் அவர் கலங்கிப்போய். "மலை முழுக்க நாந்தேன் தலையில சுமக்கணும்."

"சுமங்க சாமி" என்று இன்னொரு கை போட்டேன்.